கோவளத்தில் போட்ட கையெழுத்து

மரியநாதபுரம், திண்டுக்கல்
12.10.2024

அன்புள்ள தம்பி பெலிக்ஸுக்கு,

நீ என் எண்ணை முடக்கி வைத்திருக்கிறாய் என்பது எனக்கு நேற்றுத்தான் புரிந்தது. ஆறு நாளாக அடித்துக்கொண்டே இருந்தேன். ஜீவிதா அவள் போனிலிருந்து அடித்தால் மணி போகிறது, நீதான் எடுப்பதில்லை. கடைசியில் பேனாவை எடுத்துவிட்டேன். ஹோட்டலை விட்டுக் கிளம்பும்போது எங்கள் பெட்டியைத் தூக்கி வந்த ஒட்டன்சத்திரத்துக்காரர் பிரபுவிடம் ஜீவிதா உன் விலாசத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். நீயும் அவரும் ஒரே காம்பவுண்டில் குடியிருப்பதாகச் சொன்னாராம்.

முதலில் ஒன்று கேட்கிறேன். நீ கோவளத்தில் வேலை பார்க்கிறாய் என்று ஏன் சொல்லவில்லை? திருவனந்தபுரத்தில் பெரிய ஹோட்டலில் சூப்பர்வைசர் என்றுதானே சொல்லியிருந்தாய். ஜீவிதாவுக்குப் பேசியிருக்கும் கோயம்புத்தூர் பையன் பிராங்க்ளின் வீட்டார் அந்தக் கடற்கரை ஹோட்டலில் அறை போட்டபோது எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு குடும்பமும் மூன்று நாள் ஒன்றாக இருந்து பழக வேண்டும் என்பது பையனின் அம்மா டெய்சியின் ஏற்பாடு. உன் மச்சான் பைக்கிலிருந்து விழுந்து காலில் கட்டோடு கிடந்ததால் நானும் ஜீவிதாவும் மட்டும் போனோம்.

போனதிலிருந்தே எனக்கு மூச்சு முட்டியது. வாசலில் சில்லென்று ஒரு துண்டைக் கையில் கொடுத்தார்கள். அதைக் கழுத்தில் போடுவதா முகத்தைத் துடைப்பதா என்று டெய்சியைப் பார்த்துத்தான் செய்தேன். குளிக்கும் அறையில் குழாயைத் திறக்கத் தெரியாமல் பாதிச் சோப்போடு நின்றேன். கட்டிலில் ஒரு துண்டை அன்னப் பறவை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள், அதைக் கலைக்கப் பயந்து ஈரத் தலையைச் சேலை முந்தானையிலேயே துடைத்தேன். இப்படி இருந்த நிலையில் கடலிலிருந்து ஏறி வரும் படியில், காலில் ஒட்டிய மணலைக் கழுவிவிட உட்கார்ந்திருக்கிற ஆள் நீ என்றால் நான் என்ன செய்வேன்? எல்லாம் ஒரு நிமிடத்தில் நடந்து முடிந்துவிட்டது. பேச வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் நடந்ததும் அப்படித்தான். டெய்சி தவறாக எடுத்துக்கொண்டார்கள். பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். உன்னைக் கூப்பிட்டுக் கண்டித்துவிட்டு விட்டிருப்பார்கள்.

ஜனவரி 22 புதன்கிழமை கல்யாணம். தாய்மாமன் நீ இல்லாமல் முடியாது. கல்யாணம் முடியட்டும், அவர்களிடம் மெதுவாக எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளலாம். பதில் போடு.

உன் அக்கா,
கிளாரா


விழிஞ்ஞம்
24.10.2024

மதிப்பிற்குரிய மேடம்,

தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் ஹோட்டலில் தங்கியதற்கு நன்றி. விருந்தினரிடம் இப்படித்தான் பேச வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

கண்டித்துவிட்டு விடவில்லை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலி செய்துவிட்டுக் கிளம்பினீர்கள். சாயங்காலம் என் சீருடையையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். நான்கு வருட வேலை. காரணம் என்ன என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள்: பெண் விருந்தினரிடம் தவறாக நடந்துகொண்டார். வேறு எந்த ஹோட்டலில் போய் நின்றாலும் பழைய இடத்துக்குப் போன் போட்டு விசாரிக்கிறார்கள். விசாரித்த பிறகு யாரும் என்னை உட்காரக்கூடச் சொல்வதில்லை.

நடந்ததை நீங்கள் ஒரு வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். நான் முழுசாக எழுதுகிறேன். காலைச் சாப்பாட்டு நேரம். நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் உங்கள் மகள் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கினவன் நான். "சாப்டியா பாப்பா?" என்று தலையில் கை வைத்துக் கேட்டேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா தூரத்திலிருந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்கள். மேனேஜர் ஓடி வந்தார். அந்த அம்மா உங்களைப் பார்த்து, "இந்தாளு உங்களுக்குத் தெரிஞ்சவனா?" என்று கேட்டார்கள்.

நீங்கள் "இல்ல" என்றீர்கள்.

உங்கள் மகள் வாயைத் திறந்தாள். நீங்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தியதை நான் பார்த்தேன். அதனால்தான் மேனேஜரிடம் நானே சொன்னேன், "எங்க அக்கா மக மாதிரி இருந்தாங்க சார், அதான் தெரியாம கேட்டுட்டேன்" என்று. அதற்கு மேல் உங்களை எப்படிக் காப்பாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பேச வாய் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கை வந்ததே மேடம். வேலையை விட்டு நிறுத்தும்போது புகாரைக் காட்டினார்கள். மேலே அந்த அம்மா இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். அடியில் பெண்ணின் தாய் என்று போட்டு உங்கள் கையெழுத்து. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

இப்போது துறைமுகத்தில் ஐஸ் கட்டி உடைக்கிறேன். இனிமேல் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
பெலிக்ஸ்


மரியநாதபுரம்
2.11.2024, கல்லறைத் திருநாள்

பெலிக்ஸ்,

எழுத வேண்டாம் என்றாய். இன்றைக்கு அம்மா அப்பா கல்லறைக்குப் பூ போட்டு மெழுகுவர்த்தி வைக்கப் போனேன். பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்தவர்கள், "தம்பி வரலியா, எப்படி இருக்காரு?" என்றார்கள். "நல்லா இருக்கான்" என்றேன். திரும்பி வந்து சேலைகூட மாற்றாமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கையெழுத்துப் போட்டேன். முதல் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன், நான்கிலும் அதை விட்டுவிட்டேன். உனக்குத் தெரிந்திருக்காது என்ற நப்பாசைதான். மேனேஜர் தாளை நீட்டினார், டெய்சி எழுதினார்கள், "நீங்களும் போடுங்க, பொண்ணோட அம்மா நீங்கதானே" என்றார்கள். எழுதியிருந்ததைப் படித்தேன். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியும். படித்துப் புரிந்துகொண்டுதான் போட்டேன்.

இன்னும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கோவளம் வருவதை வேண்டுமென்றேதான் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் பார்க்க வந்துவிடுவாய். எப்படி வந்து நிற்பாயோ, என்ன சட்டை போட்டிருப்பாயோ என்று பயந்தேன். ஏனென்றால் பெண் பார்க்க வந்த அன்றே டெய்சியிடம், "எனக்கு ஒரே தம்பி, துபாய்ல ஹோட்டல் மேனேஜரா இருக்கான்" என்று சொல்லியிருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். இதற்கு முன்னால் இரண்டு இடம் தட்டிப் போனது உனக்குத் தெரியும். மூன்றாவதும் போய்விடக்கூடாது என்று வாய்க்கு வந்ததை அளந்துவிட்டேன்.

அங்கே போவதற்காகச் சுடிதார் வாங்கினேன், நாற்பத்தாறு வயதில். எனக்குப் பிடித்த சின்னாளப்பட்டிச் சேலை இரண்டும் பெட்டியின் அடியிலேயே கிடந்தன. அந்தச் சுடிதாரின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் உன் முன்னால் நின்றேன். நீ நிமிர்ந்து பார்த்தாய். "அக்கா" என்று மெதுவாகத்தான் சொன்னாய். என் காதில் விழுந்தது. நான் பின்னால் நின்ற டெய்சிக்குக் கேட்க வேண்டும் என்று, "டவல் இருக்கா?" என்றேன். நீ எழுந்து போய் எடுத்து வந்து கொடுத்தாய். பெரிய வியாழன் பூசையில் சாமியார் பாதம் கழுவும்போதுகூட, கழுவப்படுகிறவர்கள் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொள்வார்கள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜீவிதா என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டு வைத்தால் சாப்பிடுகிறாள், தட்டைக் கழுவுகிறாள், போய்விடுகிறாள். மணிக்கட்டில் என் நகம் பட்ட இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது.

அந்த ஹோட்டலுக்கு எழுதிப் புகாரைத் திரும்ப வாங்குகிறேன். சத்தியமாகச் செய்கிறேன். ஆனால் இப்போது எழுதினால் அவர்கள் டெய்சிக்குத்தான் முதலில் போன் போடுவார்கள், அறை அவர்கள் பெயரில்தான் போட்டது. ஜனவரி வரைக்கும் பொறுத்துக்கொள். கல்யாணம் முடிந்த மறுநாளே எழுதிவிடுகிறேன். இதைக் கேட்கக் கூசுகிறது. கேட்கிறேன்.

கிளாரா


விழிஞ்ஞம்
15.11.2024

அக்கா,

மேடம் என்று எழுதினது எனக்கே இரண்டு நாள் கசந்தது. அது போகட்டும்.

பொய் சொன்னது நீ மட்டும் இல்லை. நான் சூப்பர்வைசராக ஒரு நாளும் இருந்ததில்லை. முதலில் பாத்திரம் கழுவினேன், அப்புறம் கடற்கரைப் படிக்கு மாற்றினார்கள். அம்மா சாவுக்கு வந்தபோது உன் புகுந்த வீட்டார் முன்னால் கையில் வாட்ச் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அது பிரபுவின் வாட்ச்.

நீங்கள் வருவது எனக்கு முன்கூட்டியே தெரியும். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். விருந்தினர் பட்டியலில் கிளாரா ஆனந்த்ராஜ், ஜீவிதா, திண்டுக்கல் என்று இருந்தது. பிரபு சொன்னான், "ஏனுங்க, நீங்க மூணு நாளைக்கு லாண்டரிப் பக்கம் போயிடுங்க, படியில நான் உக்காந்துக்கறேன்" என்று. நான்தான் முடியாது என்றேன். சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, சவரம் பண்ணிக்கொண்டு, வேண்டுமென்றே அங்கே உட்கார்ந்தேன். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தது. நீ பார்த்ததும் சிரிப்பாய், "ஏலே, இதான் உன் சூப்பர்வைசர் வேலையா?" என்று தலையில் தட்டுவாய், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். உனக்கு அங்கே என்ன நெருக்கடி என்று நான் யோசிக்கவே இல்லை. அது என் தப்பு.

காலைக் கழுவினதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாள் ஒன்றுக்கு நூறு பேர் கால். அதில் ஒன்று என் அக்கா கால் என்றால் எனக்கு என்ன கேவலம்? தெரியாது என்று சொன்னதையும் நாள் போனால் மறப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

மற்றதைத்தான் தாங்க முடியவில்லை. பிரபுவுக்கு நாலாங்கிளாஸ் படிக்கிற மகள் இருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் அறைக்கு வந்து என்னிடம் வாய்ப்பாடு ஒப்பிப்பாள். அக்டோபரிலிருந்து அவள் அம்மா அவளை அனுப்புவதில்லை. பிரபு என்னை நம்புகிறான். அவன் பெண்டாட்டிக்கும் என் மேல் கோபம் இல்லை. நான் வாசலில் வந்தால் பிள்ளையை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறாள், அவ்வளவுதான். அவளை நான் எப்படிக் குற்றம் சொல்வது? ஒரு தாயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாளே.

ஜனவரி வரைக்கும் பொறு என்கிறாய். இன்னும் இரண்டு மாசம். அதுவரைக்கும் நான் அந்த ஆளாகவே இருக்க வேண்டுமா அக்கா?

கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாதே. நீ ஹோட்டலுக்கு எழுதும்வரை ஒரு பெண் குழந்தை இருக்கிற எந்த வீட்டுக்கும் நான் போவதாக இல்லை. உன் வீடும் அதில் ஒன்று.

பெலிக்ஸ்


மரியநாதபுரம்
9.12.2024

பெலிக்ஸ்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் ஒன்றும் செய்யவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். மூன்றாம் நாள் உன் மச்சானிடம் கடிதத்தைக் கொடுத்தேன். ஜீவிதா அவரிடம் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தாள். நானாக வாயைத் திறக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன். படித்துவிட்டு, "டிக்கெட் போடவா?" என்றார்.

நவம்பர் 28 காலையில் நான் மட்டும் அந்த ஹோட்டலுக்குப் போனேன். சின்னாளப்பட்டிச் சேலைதான் கட்டியிருந்தேன். வரவேற்பில் இருந்த பெண் என்னை அடையாளம் கண்டு அதே சில்லென்ற துண்டை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். நான் எழுதி வைத்திருந்த தாளைக் கொடுத்தேன். பெலிக்ஸ் என் உடன்பிறந்த தம்பி, அவன் கை வைத்தது சொந்த அக்கா மகளின் தலையில்தான், அவன் எந்தத் தவறும் செய்யவில்லை, தெரிந்தே பொய்ப் புகாரில் கையெழுத்திட்டேன் என்று எழுதியிருந்தேன். அவர் இரண்டு முறை படித்தார். தமிழும் மலையாளமுமாக, "சொந்தத் தம்பியா? அப்ப ஏன் அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னீங்க?" என்றார்.

"வெக்கமா இருந்துச்சு சார்" என்றேன்.

"அவர் செஞ்ச வேலையை நெனச்சா?"

"ஆமா சார்."

அந்த அறையில் கணக்கர் பெண் ஒருத்தியும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். தலை நிமிர முடியவில்லை. ஆனாலும், "வேல பாக்குற எல்லாரும் இருக்கும்போது இத வாசிக்கணும் சார், நானும் நிக்கிறேன்" என்றேன். முதலில் யோசித்தார், அப்புறம் ஒத்துக்கொண்டார். பணியாளர்கள் சாப்பிடும் கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தார். முப்பது நாற்பது பேர் இருந்திருப்பார்கள். சாப்பிடுகிற கை அப்படியே நின்றது. பிரபு எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "வீட்ல சொல்லிட்டு வந்துட்டனுங்க" என்றார். பெண்டாட்டிக்குப் போன் போட்டிருக்கிறார்.

துறைமுகத்துக்கும் வந்தேன். ஐஸ் ஷெட்டுக்கு எதிரே மீன் கூடைகளுக்குப் பின்னால் நின்றேன். நீ கட்டியைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தாய். மெலிந்துவிட்டாய். கிட்டே வரவில்லை. எந்த முகத்தோடு வருவது? செத்த நேரம் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு நானும் உன் மச்சானும் கோயம்புத்தூர் போய் டெய்சியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். துபாயையும் சேர்த்துத்தான். நீ படியில் உட்கார்ந்து கால் கழுவினதைச் சொன்னபோது அவர்கள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. புகார் என்றதும்தான் எழுந்து நின்றுவிட்டார்கள். "என் கையால எழுத வச்சிட்டீங்களே! ஒரு தப்பும் பண்ணாத மனுஷனப் பத்தி அப்படி எழுதியிருக்கேனே நான்" என்றார்கள். நான் காலில் விழப் போனேன். தடுத்துவிட்டார்கள். "பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு. அதுல மாத்தம் இல்ல. உங்கள நம்பத்தான் எனக்கு நாளாகும், அதையும் சொல்லிடறேன்" என்றார்கள். அது நியாயம். கல்யாணப் புடவை எடுக்கப் போனபோது என்னோடு நான்கு வார்த்தைதான் பேசினார்கள்.

பிராங்க்ளின் உன் விலாசத்தை வாங்கி வைத்திருக்கிறான். ஜீவிதா நேற்று, "காரம் போதுமாம்மா?" என்று கேட்டாள். இரண்டு மாதத்தில் அவளாகப் பேசிய முதல் பேச்சு.

ஜனவரி ஐந்தாம் தேதி கோவிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்கிறார்கள். வா என்று நான் எழுதவில்லை. எழுத எனக்கு உரிமை இல்லை.

கிளாரா


விழிஞ்ஞம்
28.12.2024

அக்கா,

ஹோட்டலில் கூப்பிட்டார்கள். புகாரை நீக்கிவிட்டதாக எழுதிக் கொடுத்தார்கள். திரும்ப வேலைக்கும் வரச் சொன்னார்கள். பொங்கல் கழிந்து சொல்கிறேன் என்றேன். ஐஸ் வேலை கடினம்தான், ஆனால் அங்கே என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, சேர்த்துக்கொண்டார்கள். சட்டென்று விட மனசு வரவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் கதவு தட்டும் சத்தம். பிரபுவின் மகள் ஒரு தட்டில் முறுக்கும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு நின்றாள். அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது, எனக்காகச் சுட்டிருக்கிறார்கள். அவள் அம்மா பின்னால் நிற்பாள் என்று எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. தனியாகத்தான் அனுப்பியிருந்தாள். பிள்ளை உள்ளே வந்து உட்கார்ந்து எட்டாம் வாய்ப்பாடு ஒப்பித்தாள். ஏழெட்டு என்று வந்ததும் வழக்கம் போலத் தப்பாகச் சொன்னாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். நீ துறைமுகத்துக்கு வந்ததை நான் பார்த்தேன். கூடைக்குப் பின்னால் நின்றால் தெரியாது என்று நினைத்தாயா? உடம்பெல்லாம் மீன் நாற்றம், அழுக்கு லுங்கி, கை வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. கூட வேலை செய்கிறவன், "யாரது, உன்னயவே பாக்குறாங்க?" என்று கேட்டான். நான் "தெரியலயே" என்றேன். சொல்லிவிட்டு இன்னும் பலமாக அடித்தேன். நீ திரும்பிப் போகும்வரை நிமிரவில்லை. அன்றைக்கு ராவெல்லாம் யோசித்தேன். அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது! உன்னைத் திட்டி எழுதி வைத்திருந்த இன்னொரு கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். அந்தக் கையெழுத்து இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அது போக எவ்வளவு நாள் ஆகுமோ தெரியாது. ஆனால் பிள்ளை கல்யாணத்துக்கு நான் இருக்க வேண்டும். பிராங்க்ளினும் எழுதியிருந்தான். மாமா என்று கூப்பிட்டு எழுதியிருக்கிறான்.

அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஜனவரி 20 வருகிறேன். அந்த அம்மாவிடம் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொண்டு ஒன்றும் சொல்லாதே. எனக்குப் புதுச் சட்டை எடுக்க வேண்டாம்.

ஜீவிதாவை மட்டும் ஸ்டேஷனுக்கு அனுப்பு என்றுதான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன், மேலே பார்த்தால் தெரியும். நீயும் வா. திண்டுக்கல் ஸ்டேஷனில் எந்நேரமும் நமக்குத் தெரிந்தவர்கள் நாலு பேராவது நிற்பார்கள். நான் இறங்கியதும் கிட்டே வந்து மெதுவாகப் பேசாதே. நின்ற இடத்திலிருந்தே, பிளாட்பாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு.

தம்பி,
பெலிக்ஸ்